மானுக்குப் பின்னால்

ஆர்லன் அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் நீ என்னைப் பற்றிச் சொன்ன கதை விஸ்கான்சின் முழுக்கப் பரவிவிட்டது. சிரித்துக்கொள். ஆனால் நடந்ததையும் கேள்.

குறுக்குவில் வேட்டைக்கு நான் புதியவள்தான். ஆனாலும் அன்று எல்லாம் சரியாகவே செய்தேன். மரத்தில் ஏறி, இடுப்பு வாரை மாட்டிக்கொண்ட பிறகே வில்லைக் கயிற்றால் மேலே இழுத்தேன். கட்டைவிரலை நாண் ஓடும் தடத்துக்குக் கீழே வைத்தேன். ஒரு மான் வந்தது; அது பக்கவாட்டில் திரும்பும்வரை மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். விசையில் விரல் வைத்தபோது, மானுக்குப் பின்னால், உன் வேலியருகே பழுப்பாக ஏதோ அசைந்தது. இன்னொரு மான் என்றே நினைத்தேன்.

அது இருமியது. அந்த இருமலை எனக்குத் தெரியும்.

விரலை எடுத்துவிட்டேன். மான் ஓடிவிட்டது. ஏற்றிய நாணைக் கையால் இறக்க முடியாது, அம்பைத் தரையில் எய்துதான் ஆக வேண்டும். எய்தேன். சத்தம் கேட்டு நீ கத்தினாய்: "என்ன மார்லிஸ், மூக்குக்கு நேரா நின்ன மானையே கோட்டை விட்டுட்டியா?"

வேலித் தகராறுக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "ஆமாண்ணா" என்றேன்.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று பார்க்கத்தான் வந்தாயா? பதில் வேண்டாம். இத்துடன், மான் என்று யாரும் உன்னை நினைத்துவிடாதபடி, ஓர் ஆரஞ்சுத் தொப்பி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அதைப் போட்டுக்கொண்டு வா. ஊரில் மட்டும் நான் கோட்டை விட்டதாகவே சொல்லிக்கொண்டிரு.

உன் தங்கை