கூண்டை விட்டு நகராத எலி

அக்கா,

இன்று மணலூர்பேட்டையில் பேருந்து நின்றபோது, ரைஸ் மில்லிலிருந்து வெந்த உமியின் வாசனை வந்தது. எலிக் கூண்டுகளில் பரப்ப நீங்கள் உமியை நீராவியில் வைத்து எடுக்கும்போது வரும் அதே வாசனை.

கரு ஏன் தொடக்கத்திலேயே கலைகிறது என்று கள்ளக்குறிச்சி ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பார்த்துக்கொண்டது நீங்கள். உங்களுக்கும் மூன்று கரு தங்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் எலியின் கருப்பையை விரித்து, உயிருள்ள கருக்களுக்கு நடுவே கறுத்துச் சுருங்கிய இரண்டைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்:

"இது பஸ்ஸுல போச்சா, பப்பாளி துன்னுச்சா? கூண்ட வுட்டே நவுரலியே மேடம். நாந்தான வேளைக்குத் தீனி வச்சேன்."

பிறகுதான் எல்லாம் சொன்னீர்கள். உங்கள் கணவருக்கு வேறு பெண் பார்க்க, அந்த ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கும் உங்கள் வீட்டில் உறவினர்கள் கூடுவதாக இருந்தது. என்னையும் கூப்பிட்டீர்கள்; வந்தேன்.

"தெனம் பஸ்ஸுல மலைய ஏறிக்கினு எறங்கிக்கினு இருந்தா எப்டி தங்கும்? வேலைய வுடுன்னா கேக்கல" என்றார் உங்கள் மாமியார்.

நீங்கள் அந்த எலியைப் பற்றிச் சொன்னீர்கள். ஒரு பெரியவர் சிரித்தார். "எலியும் மனுசியும் ஒண்ணா?"

"நீங்க சொல்லுங்க மேடம்" என்று என் பக்கம் திரும்பினீர்கள்.

பெரியவர் கேட்டது, நான் தினமும் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி. எலியில் கண்டதை அப்படியே மனிதர்களுக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் தயங்கத் தயங்க, கூட்டம் உங்களுக்கு எதிராக முடிவெடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்க" என்றேன். "ஆனா பஸ்ஸுல போறதால கரு கலையாது. பெரும்பாலும் கரு உண்டாகும்போதே அதுல கோளாறு இருக்கும். இவங்களுக்கு ஏன்னு எங்களுக்கே இன்னும் தெரியல. இவங்க தப்பு இல்லைன்னு மட்டும் தெரியும்."

உங்கள் மாமியார் என் அருகே நகர்ந்து வந்தார்.

"எனக்கும் ரெண்டு போச்சு. களை வெட்டப் போனதாலன்னாங்க. அதுவும் எந்தப்பு இல்லியா?"

"இல்லீங்கம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்து, "பொண்ணு பாக்குற பேச்ச வுட்ரு" என்றார்.

அதற்குப் பிறகும் உங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் நீங்கள் கண்மூடியபோது, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அந்த மாமியார்தான்.

இப்போது கரு கலைந்த பெண்களிடம் ஆய்வுக்காக ரத்தம் எடுக்கிறேன். பலர் மாமியாரோடுதான் வருகிறார்கள். ஊசியைத் தொடுவதற்கு முன், கூட வந்த மாமியாரை உட்காரவைத்து மெதுவாகக் கேட்கிறேன்:

"உங்களுக்கும் இப்படி ஆயிருக்காம்மா?"