போயிட்டு வர்றேன் என்று சொல்லும் பிளேயர்

நேற்று அண்ணன் பழைய மடிக்கணினியின் முதுகைக் கழற்றியபோது அறை முழுக்க ஏலக்காய் மணந்தது. காற்றாடி இறக்கைகளின் நடுவே பழுப்பாகத் தூசு அடைந்திருந்தது. அண்ணன் அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, ரெண்டு பேரும் இதுக்குள்ள பாயசம் வச்சீகளா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உங்கள் ஸ்டோரின் தூசு. உன் அப்பா ஏலக்காயை உலர்த்தும் அந்தச் சூடான அறையில் ஏறியது. நீ போன பிறகும் இத்தனை நாள் அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

மடிக்கணினி இனி பிழைக்காது என்று அண்ணன் சொல்லிவிட்டான். பள்ளியில் படித்தபோது அரசு அவனுக்குக் கொடுத்தது. அவன் கல்லூரிக்குப் போனதும் எனக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நன்றாக இருந்தது. அதை அவனுடைய புதிய கணினியில் இணைத்து, உன் பெயரில் இருந்த கோப்புறையை நகல் எடுத்தேன். நாம் கட்டிய பாட்டு பிளேயரை ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. பழைய லினக்ஸ் இயங்குதளத்தில் கட்டிய நிரல் தனக்குப் பழக்கமான துணைக்கோப்புகளைத் தேடுகிறது. புதிய லினக்ஸில் அவை இல்லை.

"இதக் கட்டிக்கிட்டு ஏன் அழுகுற? ஒரு வரி அடிச்சா புது பிளேயர் தானா எறங்கிரும்," என்றான் அண்ணன்.

"அது பேசாதுண்ணே."

அவன் எழுந்து நாற்காலியை எனக்குத் தந்தான்.

அந்த அரையாண்டு விடுமுறையை நீ மறந்திருக்க மாட்டாய். ஆண்டு விழாவுக்காக நாம் பாடிப் பழகியதை உன் அம்மாவின் போனில் பதிவு செய்தாய். மடிக்கணினியில் இருந்த பிளேயர் அந்தக் கோப்பை ஏற்கவில்லை. நானோ நூலகத்தில் லினக்ஸ் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டுத் தலைகால் புரியாமல் இருந்தேன். மூலநிரல் என்பது மனிதர்கள் படிக்கும்படி எழுதி வைத்த பக்கங்கள், அதைக் கம்பைல் செய்தால் கணினி ஓட்டும் நிரலாகிவிடும், எழுத்து நம் கையில் இருப்பதால் விரும்பியபடி மாற்றலாம் என்று உனக்குப் படித்துக் காட்டினேன். உனக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது.

"அப்ப இது பேசுறத நாம மாத்தலாமா?"

"மாத்தலாம்."

"அப்பச் சரி. எங்கூட்டுக்குக் கொண்டா. லீவுல அதான் சோலி."

போடியிலேயே வேறொரு பிளேயரின் மூலநிரல் எல்லாவற்றையும் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு, ஜீப்பில் உன் மடியிலும் என் மடியிலும் மாறி மாறி மடிக்கணினியை வைத்துக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறினோம். தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த உங்கள் லயத்து வீட்டில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. நிச்சயமாக இருந்த ஒரே இடம் ஸ்டோர். அங்கே ஜெனரேட்டர் உண்டு. எனவே ஏலக்காய்த் தட்டுகள் அடுக்கிய அந்த அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலில் வைத்துக் கம்பைல் செய்யும் கட்டளையைக் கொடுத்தோம். திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. நீ கைதட்டினாய். கொஞ்ச நேரத்தில் காற்றாடி ஜீப்பு ஏற்றத்தில் முனகுவதுபோல முனகியது. திரை அணைந்தே போனது. நான் அழத் தொடங்கினேன். தட்டுகளைப் புரட்ட வந்த உன் அப்பா நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா மோளே, லேப்டாப்பயும் காயப் போட்டீகளா? பச்சக் காயே சுருங்குற சூட்டுல அது என்னத்துக்கு ஆகும்?"

உன் அம்மா தட்டுகளுக்குப் பின்னாலிருந்து, "காஞ்சா அது எத்தன கிலோ தேறும்னு கேளுங்க," என்றார். நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, வெளியே மூடுபனியில் ஒரு நாற்காலியில் வைத்தோம். மறுபடி கட்டளை கொடுத்ததும் அது முதலிலிருந்து தொடங்கவில்லை. முடித்தவற்றை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தது.

"பரவால்லையே. எது வரைக்கும் செஞ்சோம்னு ஞாபகம் வச்சிருக்கே," என்று நீ அதன் மூடியைத் தடவிக் கொடுத்தாய்.

அதைக் கட்டி முடித்த மறுநாள்தான் நீ பேச்சை மாற்றும் வேலையை ஆரம்பித்தாய். பிளேயரை மூடும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் 'வெளியேறுகிறது' என்று போடலாம் என்றேன்.

"வெளியேறுகிறதா? யாருடி அத வெரட்டுனா? எங்கூட்டுல போறேன்னு சொன்னாலே எங்கம்மா வெளக்கமாத்தத் தூக்கும். போயிட்டு வர்றேன்னு போடு புள்ள."

போட்டோம். அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் சரியாகச் சேரவில்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றன. பல்லு போன கெழவன் மாதிரி பேசுது என்றாய். ஆனால் பேசியது. நம் பாட்டு முடியும், பிளேயர் மூடும், 'போயிட்டு வர்றேன்' என்று வரும். நீ ஒவ்வொரு தடவையும் "வெரசா வா" என்று அதற்குப் பதில் சொல்வாய்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்காகத் தங்கியிருந்த சித்தி வீட்டிலிருந்து நீ மலைக்குக் கிளம்பும் வழக்கமான நாள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டாய். கையை மட்டும் ஆட்டினாய். எதுவும் சொல்லவில்லை, சொல்ல நேரமில்லை. திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வர நீ ஏறிய ஜீப்பு நனைந்த கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது.

அதன் பிறகு நான் பிளேயரை மூடவே பயந்தேன். பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட விட்டுவிட்டு எழுந்து போவேன். அம்மா கரண்ட் வீணாப் போகுதென்று திட்டுவார். சில மாதங்கள் கழித்து நேர்மாறாக ஆனேன். பாட்டையே கேட்காமல், திறந்து உடனே மூடுவேன். அந்த வரிக்காக மட்டும். நீ சொல்லாமல் போனதை அது சொல்லிக்கொண்டே இருந்தது. "வெரசா வா" என்று சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை.

நேற்று புதிய கணினியில் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் 'மேக் கிளீன்' என்று ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். பழைய கணினி கட்டி வைத்த துண்டுகளை எல்லாம் அது அழித்துவிடும். என் விரல் எண்டர் மேல் அப்படியே நின்றது.

"கை எழுதுனது அழியாது ஆத்தா. மெசினு செஞ்சதுதான் போகும்," என்றான் அண்ணன். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன்.

ஒரு துணைக்கோப்பு இல்லையென்று நடுவில் நின்றது. அண்ணன் அதை இறக்கித் தந்தான். பிறகு வரிகள் ஓடின. நமக்கு ஒரு பகல் ஆன வேலை, அவன் டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவசரத்தில் நம் பாட்டின் கோப்புப் பெயரைத் தட்டி எண்டரை அழுத்தினேன். பாட்டு வரவில்லை. புதிய திரையில், கொம்பும் காலும் ஒழுங்காகச் சேர்ந்து, இரண்டு வரிகள் வந்தன.

'அப்பாடி, ஒரு வழியா நீயும் தப்பு பண்ணிட்ட புள்ள.'

'போயிட்டு வர்றேன்.'

கோப்புப் பெயரில் ஒரு எழுத்தை விட்டிருந்தேன். கோப்பு கிடைக்காவிட்டால் வரும் வரியை நீ எனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறாய். அந்த விடுமுறையில் நான் உன் அம்மாவோடு தோட்டத்துக்குப் போன காலை நேரமாகத்தான் இருக்க வேண்டும். சோலி இருக்கு என்று நீ வராமல் இருந்துகொண்டாய். ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்துத் தட்டுகிற என்னிடம் இதுவரை அந்த வரி வரவே இல்லை. இத்தனை நாளும் உள்ளே உட்கார்ந்து நான் தப்பு செய்வதற்காகக் காத்திருந்திருக்கிறாய்.

அண்ணன் பின்னால் நின்று படித்தான். "இன்னும் எங்கெங்க எழுதி வச்சிருக்கோ. தேடிப் பாத்துருவோமா? ஒரு நிமிசம் ஆகாது," என்றான். உண்மைதான். கோப்புறை முழுவதிலும் தமிழ் எழுத்து எங்கே இருந்தாலும் காட்டிவிடும் கட்டளை அந்த நூலகப் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் அதைத் தட்டவும் செய்தேன். பிறகு எண்டரை அழுத்தாமல் அந்தக் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டேன்.

"வேணாம்ணே. அதுவா வரட்டும்."

வேண்டுமென்றே தப்பு செய்து உன்னைக் கூப்பிடவும் மாட்டேன். அது கள்ளாட்டம் என்று நீ சண்டைக்கு வருவாய். இனி எந்தக் கணினி வந்தாலும் முதலில் உன் மூலநிரலைத்தான் கட்டுவேன். அதற்குள் உன் வரிகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். தெரியாமலே வைத்திருக்கிறேன்.