கண் திறக்காத ராமையா

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சாயம் காயவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நான் வரைந்த ஒரு கல்யாண ஜோடிப் படம் காய்கிறது. மாப்பிள்ளை மேல் ரசம் தெறித்தது. துடைத்தாயிற்று.

டயகம தோட்டத்திலிருந்து புது ஓடர். காலமான ராமையா அண்ணன், தேயிலை பெக்டரியில் இருந்தவர். ஞாயிறு காரியம், அதற்குள் படம் வேண்டும். மகன் குமார் வந்தான். கையில் அப்பாவின் அடையாள அட்டை மட்டும். உயிரோடு இருந்தபோது போடாத கோட், டை, கைக்கடிகாரம் எல்லாம் வேண்டுமாம். வழக்கம்தான். பிறகு குரலைத் தணித்து,

"அக்கா, அப்பாவுக்கு எடது கண்ணு கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். நேராக்கிருங்க. கொழும்புலருந்து என் மொதலாளி வாறாரு."

படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையாட்டினார். எதற்கும் ஆட்டுவார்.

ஜூலை 9, புதன்

கோட் முடிந்தது. சாமிப் படம் வரைந்து பழகிய கை. மீசை வைக்காவிட்டால் யாரை வரைந்தாலும் முருகன்.

மதியம் ராமையா அண்ணனின் தங்கை போனில்: "கண்ண மாத்துனீங்கன்னா அது எங்கண்ணன் இல்ல, வேற எவனோ. நான் மால போட மாட்டேன்."

அம்மனிடம் பூப்போட்டுக் கேட்டேன். வெள்ளை வந்தால் நேர்க்கண், சிவப்பு வந்தால் ஒதுங்கிய கண். எடுத்த பொட்டலத்தில் பூவே இல்லை. மடிக்கும்போது விழுந்திருக்கிறது. அம்மனுக்கும் இந்தச் சண்டை வேண்டாம் போல.

ஜூலை 11, வெள்ளி

விரதம். கோயில். எண்ணெய், திரி வாங்கியது கணக்கில் எழுதிவிட்டேன்.

கண் மட்டும் பாக்கி. சாமியோ ஆளோ, கண்ணைக் கடைசியில்தான் திறப்பேன். தலைக்குக் குளித்து, விளக்கேற்றி. நாளைக் காலை, ராகு காலத்துக்கு முன் என்று நினைத்திருந்தேன். நேரா, ஒதுக்கமா, இன்னும் தெரியவில்லை.

கோயிலிலிருந்து திரும்பிவந்தால் படத்தைக் காணோம்.

"டயகம வேன் போச்சு. சட்டம் போட்டு ஏத்திவிட்டுட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர், பெருமையாக.

"கண்ணு?"

"எந்தக் கண்ணு? நான் டையத்தான் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

இவரோடு பேச்சில்லை.

ஜூலை 12, சனி

விடியும் முன் குமார் போனில். "அக்கா! அப்பாவுக்குக் கண்ணே இல்லக்கா! அம்மா இன்னும் பாக்கல, வேட்டி போட்டு மூடி வச்சிருக்கேன்."

மழையில் இன்று பஸ் இல்லை. நாளை முதல் பஸ்ஸில் போகவேண்டும். சட்டம் கழற்ற இவரும் வரணும். பஸ் காசு இவர் கணக்கில்.

ஜூலை 13, ஞாயிறு

மூடுபனி. ராமையா அண்ணனின் லயத்து வீட்டு வாசலில் கூட்டம். இவர் சட்டத்தின் ஆணி கழற்றினார். ஒரு காதில் மகன், "நேரா!" மறு காதில் தங்கை, "ஒதுக்கமா!" தூரிகையைக் கீழே வைத்தேன்.

செல்லம்மா அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் மனைவி. அவரை யாருமே கேட்கவில்லை. கேட்டேன்.

"நேராவே வைங்க தங்கச்சி. என்னத் திட்டுறப்பவும் அடுத்த காம்பராவப் பாத்தே திட்டுவாரு. அந்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்துருவா. இனியாச்சும் என்னையப் பாக்கட்டும்."

கற்பூரம் காட்டிக் கண் திறந்தேன். நேராக. நன்றாகவே வந்தது. குமார் அழுதான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு மாலையை நீட்டினார்.

செல்லம்மா அக்கா எதிரே நின்றார். இந்தப் பக்கம் நகர்ந்தார். அந்தப் பக்கம் நகர்ந்தார். எங்கே போனாலும் அண்ணன் அவரையே பார்த்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஐயோ, வெக்கமா இருக்கு. அங்கிட்டுப் பாக்குற மாதிரி மாட்டுங்க."

இவர் பக்கச் சுவரில் மாட்டினார், அடுத்த காம்பராவைப் பார்த்தபடி.