கைதட்டு வாங்கிய என் பிரஷர்

மாப்ள,

முந்தாநாள் உனக்கு வருசம் கும்பிட்டோம். தலைவாழை இலை, கறிக்குழம்பு, கோலா உருண்டை, அயிரை மீன் என்று உனக்குப் பிடித்ததெல்லாம் உன் படத்துக்கு முன்னால் இருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர். நீ தினமும் குடித்த அந்தச் சத்துப் பவுடரைப் பாலில் கலக்கி வைத்திருந்தார்கள். உன் அக்காவின் யோசனை. சாம்பிராணிப் புகையும் வெனிலா வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. ஆளை எரித்த பிறகும் அந்தச் சனியன் உன்னை விடவில்லையே என்று நினைத்தேன். மாடியில் காக்கைக்கும் சோற்றோடு கொஞ்சம் வைத்தார்கள். காக்கை சோற்றைக் கொத்தியது, டம்ளரை எட்டிப் பார்த்தது, நகர்ந்துவிட்டது. நமக்கு மூன்று வருடமாக வராத புத்தி.

பந்தியில்தான் விஷயம் வெடித்தது. எழுமலையிலிருந்து வந்திருந்த உன் சின்னையா இரண்டு வாய் வைத்துவிட்டு, "என்னத்தா, கொழம்புல உப்பையே காணோம்?" என்றார். உன் மனைவி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அவுகளக் கொன்னது போதாதா சின்னையா, உங்களையும் கொல்லணுமா?"

ஒரு வருடமாக அந்த வீட்டில் உப்பு இல்லையாம். தன் கைப்பக்குவம்தான், தான் போட்ட கருவாடும் ஊறுகாயும்தான் உன் பிரஷரை ஏற்றி உன்னைக் கொண்டுபோனது என்று முடிவு கட்டியிருக்கிறாள். அப்படி இல்லை என்று தெரிந்தவன் அந்தப் பந்தியில் ஒருத்தன்தான். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வீரனை உனக்குத் தெரியும்.

எங்கே தொடங்கியது நம் கிறுக்கு? ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்துக்கொண்டே காலையில் நடப்போமே, அங்கே ஒருவர் முளைத்தாரே, ஹெல்த் கோச். அதற்கு முன் மேலூர் ரோட்டில் பிளாட் விற்றவர். நிலம் விற்ற வாயால், பவுடர் டப்பாவில் அடைத்த இளமையை விற்க ஆரம்பித்தார். இறுக்கமான டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தபடியே பேசுவார். மூச்சு விடுகிற நேரத்தில் மட்டும் உண்மை வெளியே வரும். நாம் அப்போது மலையைப் பார்த்துக்கொள்வோம், மரியாதைக்காக.

உன் வாசலில் ஒரு முருங்கை மரம் நின்றது. கம்பளிப்பூச்சி வருகிறது என்று அதை வெட்டினாய். அடுத்த வாரமே முருங்கை இலை கேப்சூல் வாங்கினாய். நான் சிரித்தபோது, "அது வெறும் எல மாப்ள, இது எக்ஸ்ட்ராக்ட்" என்றாய். உன் பெயிண்ட் கடையில் டப்பாவைக் குலுக்கிக் கலர் கலக்குகிற மெஷின் இருக்குமே, அதில் பவுடர் டப்பாவைக் கட்டிக் கலக்கிக் குடித்த மனிதன் இந்தப் பூமியிலேயே நீ ஒருவன்தான். "கட்டியே இல்ல பாரு!" என்று எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாய். பிரைமர் வாசனை அடித்தது. குடித்தேன். எனக்கென்ன பெரிய அறிவு வழிகிறது? மீன் எண்ணெய், மல்டி விட்டமின், ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டி என்று நானும் ஒரு மெடிக்கல் ஸ்டோரை வயிற்றுக்குள் நடத்தியவன்தான்.

இதோடு போயிருந்தால் கழுதை, சிரித்துவிட்டுப் போகலாம். நம் இருவருக்கும் பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாமா என்று நீ கேட்டபோது கோச் சொன்ன பதிலைக் கவனித்தாயா? "நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன் சார். உங்க உடம்பே சொல்லும்." நாளைக்கு ஒன்று ஆனால் பழி உடம்பின் மேல். பிளாட் விற்ற காலத்தில் கற்ற பேச்சு.

உடம்பு உடனே சொல்லிவிட்டது. உன் கடையில் வைத்து இருவரும் கையடித்து மாத்திரையை நிறுத்தினோம். "உன் தங்கச்சிகிட்ட மூச்சு விட்றாத" என்றாய், உன் மனைவியைச் சொல்லி. அவள் முன்னால் தினமும் காலையில் முருங்கை கேப்சூலைப் போட்டுத் தண்ணீர் குடித்தாய். மாத்திரை போடுகிறாய் என்று அவள் நம்பினாள்.

இனிமேல் எழுதுவது உனக்கே தெரியாதது.

பத்தாம் நாள் பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். மறுநாளே, ஒத்தக்கடையில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று மேலூர் வரை போய், கள்ளச்சாராயம் வாங்குகிறவன் போல நாலு பக்கமும் பார்த்து அதே பிரஷர் மாத்திரையை வாங்கினேன். அதை மீன் எண்ணெய்ப் புட்டிக்குள் போட்டு வைத்துத் தினமும் விழுங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "பயந்தாங்கொள்ளி" என்று கடை வாசலில் நின்று ஊருக்கே அறிவிப்பாய். அந்தப் பயம் சாவுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது எனக்கு.

பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முப்பது பேருக்கு முன்னால் கோச் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அளந்தார். நார்மல். "பாத்துக்கங்க, இங்கிலீஷ் மாத்திர கெடையாது, ஒண்ணு கெடையாது, நம்ம பவுடர் மட்டும்தான்!" என்று என் கையைத் தூக்கிக் காட்டினார், தேர்தலில் ஜெயித்தவன் கையைப் போல. கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன் மாப்ள. கும்பிட்டேன்! எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நீ.

அடுத்து உன்னை அளந்தார். கூடுதலாக இருந்தது. "கழிவு வெளியேறுது சார், நல்ல அறிகுறி" என்றார் அந்த மேதை. நீ என் தோளில் கை போட்டு, "அவனுக்கும் எனக்கும் ஒரே டப்பாதான? எனக்கும் எறங்கிரும்" என்றாய். என் வாய் வரை வந்தது. கைதட்டு இன்னும் காதில் இருந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்குவதில் எனக்கு நல்ல பழக்கம்.

அடுத்த மாதம் கடையிலேயே விழுந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். "தினமும் போடுவாக, என் கண்ணால பாத்திருக்கேன்" என்றாள் உன் மனைவி. மாத்திரையில் தப்பில்லை என்றால் தப்பு தன் சமையலில் என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

முந்தாநாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். கேப்சூலையும் சொன்னேன், மேலூரையும் சொன்னேன், கைதட்டையும் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் பழக்கதோஷத்தில் வேடிக்கையாகச் சொல்லப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"அவுக பிரஷர் கூடுதலா இருந்தப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையாண்ணே?"

"தோணுச்சுத்தா. வெக்கமா இருந்துச்சு."

"யாருகிட்ட வெக்கம்?"

அந்த முப்பது பேரில் ஒருத்தன் முகம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை மாப்ள.

அவள் அழவில்லை, திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைலருந்து காலைல இங்க வந்து, எம்முன்னால மாத்திரயப் போட்டுட்டுப் போங்க" என்றாள். நேற்றுப் போனேன். இன்றும் போனேன். செம்பில் தண்ணீர் தருகிறாள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி, மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் பிரிக்க விடுகிறாள். விழுங்கியதும், "வாயத் தெறங்க" என்கிறாள். ஐம்பத்து மூன்று வயதில், தெருவே பார்க்க, வாசலில் நின்று நாக்கை நீட்டிக் காட்டுகிறேன். எதிர்வீட்டுக்காரர் இன்று பேப்பரை மடித்துவிட்டே பார்த்தார். பார்க்கட்டும்.

"போங்க" என்கிறாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடமாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு "அண்ணே" இருந்தது. இப்போது இல்லை. அது திரும்பி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே படி இறங்குகிறேன். நாளைக்கும் போக வேண்டும்.