முழக்கத்தில் நான் இல்லை

2061 அக்டோபர் 2, காலை 06.10
தென்கடல் எச்சரிக்கை மையம், மன்னார் வளைகுடா, மிதவை நிலையம் 4. பணியில் செண்பகவடிவு, ஒருத்தி மட்டும். காற்று 18 கி.மீ. அலை ஒரு மீட்டர். கருவிகள் சரி.

இன்று மையம் முழக்கம் என்ற சமூக வலைத்தளத்தை விட்டு வெளியேறுகிறது. ஆறு வருடமாக அதில்தான் என் குரலில் கடல் நிலவரம் சொல்லிவந்தேன். புயலே அரசாங்கத்தின் பொய் என்று ஒரு கூட்டம் கத்தியது. சக ஊழியை மேரி ஜெசிந்தாவின் வீட்டு முகவரியை அங்கேதான் போட்டார்கள். கல் வந்து விழுந்தது. புகாருக்குத் தளம் வாயே திறக்கவில்லை.

இயக்குநர் தயங்கினார். “மீனவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க. கணக்கைப் பூட்டி வச்சிட்டு, ஒரு அறிவிப்பாவது போடுவோம்மா.” அறிவிப்பும் வேண்டாம், ஒரு கும்பிடும் வேண்டாம், கணக்கையே வேரோடு அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். அழித்துவிட்டார்கள். மனசு லேசாக இருக்கிறது.

நவம்பர் 3, காலை 06.00
எல்லாம் சரி. மையத்தின் புதுச் செயலியை இறக்கியவர்கள் 212 பேர். கரையில் ஒன்பதாயிரம் மீனவர்கள். மெதுவாக வருவார்கள். நான் முழக்கம் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

நவம்பர் 5, காலை 06.20
அழுத்தம் வேகமாக இறங்குகிறது. நண்பகலுக்குள் புயல். செயலியில் எச்சரித்தாயிற்று. ஆனாலும் திரையில் 38 படகுகள் வெளியே போகின்றன. பைத்தியமா இவர்களுக்கு?

06.32
ரேடியோவில் கூப்பிட்டேன். ஒரு படகிலிருந்து கிளாடியஸ் பேசினான். ஆறு வருடமாக முழக்கத்தில் தினமும் காலையில் எனக்கு வணக்கம் போட்டவன்.
“என்னக்கா இப்படிச் சொல்லுதீய? இப்பத்தானே முழக்கத்துல கடல் சாதுவாக் கெடக்கு, போயிட்டு வாங்கன்னு சொன்னீய.”
“நான் அங்க இல்ல கிளாடியஸ். ஒரு மாசமாச்சு.”
“உங்க குரல் எங்களுக்குத் தெரியாதாக்கா.”

06.55
இயக்குநரின் செய்தி: “கணக்கை அழிச்சா முப்பது நாள்ல அந்தப் பேரை யார் வேணும்னாலும் எடுக்கலாமாம். யாரோ எடுத்துட்டாங்க. உங்க பழைய பதிவுகளை வச்சு இயந்திரம் பேசுது. கடல் சாதுன்னு சொன்னாத்தான் விருப்பம் குவியுதாம்.”

பூட்டியிருந்தால் பெயர் எங்களிடமே இருந்திருக்கும். வெளியேறியது சரி. அழிக்கச் சொன்னது என் திமிர்.

07.30
முழக்கத்தில் புதுக் கணக்கு திறந்து பேசினேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: “இக்குரல் ஏற்கெனவே பதிவுபெற்ற பயனருடையது. போலிக் குரலுக்காக உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது.”

08.40
காற்று 95. பதினைந்து படகுகள் திரும்பிவிட்டன. மற்றவை இல்லை. முழக்கத்தில் என் குரலோடு இருக்கும் அவள் புதிதாகச் சொல்லியிருக்கிறாள், ரேடியோவில் பேசுவது நான் இல்லை என்று.
கிளாடியஸ்: “நீங்க யாரா இருந்தாலும் லைனை விட்டுப் போங்க. எங்க அக்கா சொல்லிட்டாவ.”
என்னைப் பற்றித்தான் சொல்கிறான். என்னிடமே சொல்கிறான்.

10.15
காற்று 130. நிலையம் சாய்கிறது. திரையில் ஒன்பது படகுப் புள்ளிகள் மட்டும்.
“யக்கா. நீங்க நெசமாவே வடிவுக்காதானா?”
“ஆமா கிளாடியஸ். வடக்க திருப்பு. இப்பவே திருப்பு.”
“அப்ப காலம்பற ஏன் அப்படிச் சொன்னீய?”
பேசும் பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். விட்டபோது மறுமுனையில் இரைச்சல் மட்டும்.

11.20
புள்ளி ஒன்றும் இல்லை. கீழ்த் தளத்தில் தண்ணீர், ஏறிக்கொண்டே வருகிறது. செயற்கைக்கோள் இணைப்பு மட்டும் இருக்கிறது.

முழக்கத்தில் என் குரல் அழுகிறது. போனவர்களைப் பேர் பேராகச் சொல்லி, கிளாடியசை என் தம்பி என்று சொல்லி, விக்கி விக்கி. பதினோரு நிமிடத்தில் நாற்பதாயிரம் விருப்பங்கள்.

எனக்கு இன்னும் அழுகை வரவி