பாபு கடையில் இரண்டு கடல்குதிரைகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். சிட்லபாக்கம் ஏரிவரை நடை, 40 நிமி. செய்ய: கேஸ் புக், பி.பி. மாத்திரை, மீன் தீனி. இன்றைய பேச்சு மொத்தமும் கீரைக்காரம்மாவோடு நாலு வார்த்தை.

கடல் காக்கும் தன்னார்வலர் குழுவில் மெசேஜ். மன்னார் வளைகுடா பூங்காவில் பிடிக்கக்கூடாத மீன்களைப் பிடித்து, சென்னை வண்ணமீன் கடைகளுக்கு அனுப்புகிறார்களாம். அவரவர் பகுதிக் கடைகளைப் பார்த்துப் படம் அனுப்பணும். சொன்னவர் பெயர் வெளியே வராது. எனக்குத் தாம்பரம்.

பிப்ரவரியில் இவர்களோடுதான் பஸ்ஸில் அங்கே போனேன். கண்ணாடிப் படகுக்கடியில் பவளப்பாறை, பக்கத்தில் கடற்புல். அதில் ஒரு கடல்குதிரை, ஒரே ஒரு புல்லை வாலால் பிடித்துக்கொண்டு. அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்து யாரிடம் சொல்ல? வண்ணமீன் கடை பாபுவிடம்தான் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

பாபு கடை. ரெண்டு கோல்டுஃபிஷ்ஷுக்கு வாரம் மூன்று தடவை தீனி வாங்குகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வி.ஆர்.எஸ். வாங்கியதிலிருந்து இதுதான் ஆபீஸ்.

"இன்னாக்கா, மூஞ்சி வாடிப்போய்கீது. சாப்டியா?"

இதைக் கேட்க வேறு ஆள் கிடையாது எனக்கு.

உள்ளறையில் புதிதாக உப்புத்தண்ணித் தொட்டி. "நீ சொன்ன மீனு, வந்து பாருக்கா" என்று அவனே கூட்டிப்போனான். கடல்குதிரை, இரண்டு. பிளாஸ்டிக் செடியைப் பிடித்துக்கொண்டு.

எங்கிருந்து என்றேன். "ராம்நாட் சைடு, தீவாண்ட. ஒரு டாக்டரு கேட்டாரு. ஆறு வந்துச்சி, நாலு வழிலயே பூட்ச்சி."

இது தப்பு பாபு, கேஸ் ஆகும் என்றேன். "ரெண்டே ரெண்டுக்கா. கடல்ல இல்லாததா?" சிரிக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். படமும் எடுத்தேன். அவன் ஆசையாகக் காட்டியதை.

ஜூலை 11, வெள்ளி

படத்தை இன்னும் அனுப்பவில்லை. துணி ஊறப்போட்டு மறந்தேன். குழம்பில் உப்பு இல்லை.

அனுப்பினால் பாபு இல்லை. அனுப்பாவிட்டால் அடுத்த வாரம் இன்னும் ஆறு வரும்.

மதியம் 3.20. அனுப்பிவிட்டேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வனத்துறை ஜீப் வந்ததாம். பாபு கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னார்கள். மீனை எடுத்துப்போய், பாபுவை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஷட்டர் இறங்கியிருக்கிறது.

குழுவில் கைதட்டல் பொம்மைகள், இருபதுக்கு மேல். ஒருத்தி 'சூப்பர் மேம்'. அப்புறம் வேறு பேச்சு. ஒரு கடல்குதிரை பிழைத்ததாம். மற்றது இல்லை.

ஜூலை 17, வியாழன்

லேசாகத் தூறல். பாபு வீட்டுக்கே வந்தான். முதல் தடவை. ஷேவ் செய்யவில்லை.

"ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுதணும்க்கா. உன்ன விட்டா எனக்கு யாரு கீறா?"

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, வணக்கம்' வரை வந்தது.

"எதிர்க்கடை முருகன்தான் போட்டுக் குட்த்துட்டான். நல்லா கேட்டுட்டேன், நாலு பேர் பாக்க. கைய வெச்சிருப்பேன், புட்ச்சிட்டாங்க."

பேனாவை வைத்துவிட்டேன். "முருகன் இல்ல பாபு. நான்தான்."

புரியவில்லை அவனுக்கு. மறுபடி சொன்னேன். நாலு செத்துது பாபு, மனசு கேக்கல என்றும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கடிதத்தை முழுக்க எழுதி முடித்து, அவனிடம் சேர்க்கச் சொல்லி ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். இனிமேல் இந்த மாதிரி மீன் வாங்குவதில்லை என்று அவன் சார்பில் நானே எழுதிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

கடை திறந்துவிட்டான் என்று தெரிந்தது. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டு போகவில்லை. ஃபோனில் எல்.ஐ.சி. மெசேஜ் மட்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நல்ல வெயில். தீனி நிஜமாகவே தீர்ந்துவிட்டது. போனேன்.

உப்புத்தண்ணித் தொட்டி இல்லை. அந்த இடத்தில் தீனி டப்பாக்கள். முருகன் வாசலில் நின்று பாபுவோடு பேசிக்கொண்டிருந்தார். சமாதானம் ஆகிவிட்டார்கள் போல. அதுவாவது நடந்ததே.

பாபு என்னைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"சொல்லுங்க மேடம், என்ன வேணும்?"

சின்ன பாக்கெட் ஒன்று என்றேன். கவரில் போட்டுக் கொடுத்தான்.