நிவேதாவுக்குக் கிடைக்காத சலுகை

என் அம்சா அக்காவுக்கு,

உன் மகளுக்கு சீட் கிடைத்துவிட்டது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் கவலைதான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் படிப்பே. கவுன்சிலிங்கில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

சீட் வந்தாலே அவள் காலேஜ் மாணவி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இப்போதைக்கு அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நேரில் போய் ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுத்து, ஃபீஸ் கட்டினால்தான் பெயர் ஏறும். வெள்ளி தாண்டினால் இடம் போய்விடும். டி.சி. வாங்கிவிட்டதால் பள்ளிக்கூடத்திலும் பெயர் இல்லை. கணக்குப்படி பார்த்தால் உன் மகள் இன்றைக்கு எங்கேயுமே படிக்கவில்லை அக்கா.

காலேஜ் கொடுத்த ஃபீஸ் லிஸ்டில் டியூஷன் ஃபீஸ் புரிந்தது. ஹாஸ்டல், மெஸ், அதுவும் புரிந்தது. அதற்குக் கீழே 'இதரக் கட்டணம்' என்று ஒன்று இருந்தது. காலேஜுக்கு போன் போட்டேன். கடைக்காரன் புத்தி சும்மா இருக்குமா?

"மொத்தமா கட்னா கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா மேடம்? நானும் வியாபாரிதான். திருவண்ணாமலைல லாட்ஜுங்களுக்கு மெத்தை, தலகாணி சப்ளை பண்றேன்."

"நீங்க மெத்தைல கம்மி பண்ணுங்க சார். எங்க ஹாஸ்டலுக்கே வேணும்" என்று சிரித்தது அந்தப் பெண். ஆர்டர் நிஜமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்து பேங்க். கல்விக் கடன் தருவார்களாம், ஆனால் இவள் அந்தக் காலேஜில் படிக்கிறாள் என்று காலேஜே எழுதிக் கொடுத்த போனஃபைட் வேண்டுமாம். ஃபீஸ் கட்டிச் சேர்ந்தால்தான் போனஃபைட். ஃபீஸ் கட்டத்தானே கடன் கேட்கிறோம்? மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் இதத்தாங்க கேக்கறாங்க" என்றார்.

இந்த டியூஷன் ஃபீஸ் நமக்கு இல்லாமலே போயிருக்கும். ஏன் போகவில்லை என்று கேள்.

வீட்டில் யாருமே டிகிரி முடிக்காதிருந்து, முதன்முதலாகப் படிக்கப்போகிற பிள்ளைக்கு அரசாங்கமே நாலு வருஷமும் டியூஷன் ஃபீஸைக் கொடுத்துவிடும். முதல் பட்டதாரி சான்றிதழ் என்று பெயர். விண்ணப்பத்தோடு அதையும் வைக்கலாம் என்று போன மாதம் நானும் உன் வீட்டுக்காரரும் நிவேதாவும் வி.ஏ.ஓ. முன்னால் போய் நின்றோம்.

"வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?" என்றார் அவர்.

"எங்க சார், நான் எட்டாவது. கொத்து வேலை செய்யறேன். பொண்ணோட அம்மா பன்னண்டாவது, அவங்க தவறிப் போயிட்டாங்க" என்றார் உன் வீட்டுக்காரர்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, உன்னை வேலூருக்குப் பரீட்சை எழுத வண்டியில் கூட்டிப்போனவன் நான்தானே? கடைசிப் பேப்பர் பாஸ் என்று என் கடையில் உட்கார்ந்துதானே பார்த்தாய்? "வீட்ல சொல்லிடாதடா. நாளைக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தியானாலும் டிகிரியத்தான் இழுப்பாரு" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்வதாக இல்லை. தபாலில் படித்த டிகிரி, படித்தவளும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனசு. மூன்றாம் வருஷத்தில் எவனாவது கண்டுபிடித்து இவள் படிப்பில் கை வைத்தால் என்று இன்னொரு மனசு. வியாபாரத்தில் தப்பு வந்தால் அபராதம் கட்டிவிட்டு நான் கடையைத் திறந்துவிடுவேன். இவள் எதைத் திறப்பாள்?

"எங்கம்மா பி.ஏ. சார்" என்றாள் நிவேதா.

உன் வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "யாருடி?"

"அம்மாதான்பா. நீ வேலைக்குப் போனப்புறம் நான்தான் புக்க வெச்சிக்கினு கேள்வி கேப்பேன்."

வி.ஏ.ஓ. பேனாவை மூடி வைத்தார். "அப்ப முதல் பட்டதாரி உங்கம்மாதாம்மா. உனக்குக் கெடையாது."

வெளியே வந்ததும் அவளைத் திட்டினேன். மறைப்பானேன்? "நாலு வருஷத்து டியூஷன் ஃபீஸ்மா அது. வாய மூடினு இருந்தா ஆகாதா?" என்றேன். அவள் அழவில்லை.

"எல்லா ஃபாரத்துலயும் அம்மா இல்லன்னுதான் மாமா எழுதினு வர்றேன். படிக்கவும் இல்லன்னு எழுதச் சொல்றீங்களா?"

அதற்கு நான் என்ன சொல்ல? நீயாவது சொல்லேன்.

உன் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பயந்தேன். நேராக டீக்கடைக்கு நடந்தார். டீயைக் கையில் வாங்கியபிறகு, "என்னா சப்ஜெக்ட்?" என்று என்னைக் கேட்டார். ஹிஸ்டரி என்றேன். பிறகு டீக்கடைக்காரரிடம், "எங்க வீட்ல பி.ஏ. ஹிஸ்டரிங்க" என்றார். அவர் எதுவுமே கேட்கவில்லை, பாவம்.

முதல் தவணையை நான் கட்டுகிறேன். கார்த்திகை தீபக் கூட்டத்துக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் அது. சரக்கு இல்லாவிட்டால் லாட்ஜ்காரர்கள் வேறு கடைக்குப் போவார்கள், போனவர்கள் திரும்பி வருவார்களா? தெரியாது. போனஃபைட் வந்து, கடன் வந்து, அது அடுத்த தவணைக்கு எட்டுமா? அதுவும் தெரியாது. மெத்தைக் கடைக்காரன் மெத்தையிலேயே தூக்கம் இல்லாமல் கிடக்கிறேன்.

ஆனால் ஒன்று, அக்கா. வெள்ளிக்கிழமை அவள் பெயர் அந்தக் காலேஜில் ஏறாமல் நான் ஊர் திரும்பமாட்டேன். அங்கே தாயின் படிப்பு என்ன என்று கேட்பார்கள். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கமாட்டேன். அவளுக்கு முன்னால் நானே சொல்வேன்.

பி.ஏ. படித்தவளின் தம்பி,
கோபால்